குற்றப் பதிவுகளைக் காக்க பிளாக்செயின்: எதைச் சங்கிலியில் ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது?

ஒருவர்மீது வழக்குப் பதிவாகிறது. விசாரணை, குற்றப்பத்திரிகை, வாய்தா என்று வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்கிறது. இத்தனையும் ஏதோ ஒரு டேட்டாபேஸில் சில வரிகளாகத்தான் இருக்கும். அந்த வரிகளில் 'முடிவு' என்ற ஒரு கட்டத்தில் மட்டும் 'விடுதலை' என்பதை 'தண்டனை' என்று யாரோ மாற்றிவிட்டால், அந்த மனிதர் அடுத்த முறை வேலைக்கோ விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் அவருக்கே விஷயம் தெரியும். இதன் மறுபக்கமும் உண்டு. குழந்தைகளிடம் அத்துமீறியதற்காகத் தண்டனை பெற்ற ஒருவரின் பதிவு சத்தமில்லாமல் காணாமல் போனால், அவர் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட முடியும்.

குற்றப் பதிவு என்பது இப்படிப்பட்ட பொருள். அளவில் சிறியது, விளைவில் பெரியது. அதனால்தான் 'இதை பிளாக்செயினில் போட்டுவிட்டால் என்ன?' என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. யோசனையில் விஷயம் இருக்கிறது. ஆனால் 'பதிவை பிளாக்செயினில் போடுவது' என்று சொல்லும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. அது ஏன் என்று பார்ப்பதற்கு, முதலில் அந்தத் தொழில்நுட்பம் என்ன செய்கிறது என்று தெரியவேண்டும். கணினி அறிவு எதுவும் தேவையில்லை. கூட்டல் பெருக்கல் போதும்.

இப்போது இருப்பதில் என்ன குறை?

பெரும்பாலான குற்றப் பதிவு அமைப்புகள் மையப்படுத்தப்பட்ட டேட்டாபேஸ்கள். யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்பதற்கு அனுமதிகள் உண்டு. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று குறித்துவைக்கும் தணிக்கைக் குறிப்பும் உண்டு. தினமும் பேக்கப் எடுப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அட்மின் இருப்பார். பதிவை மாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டு என்றால், அந்த மாற்றத்தைக் குறித்துவைத்த வரியை அழிக்கும் அதிகாரமும் அநேகமாக அவருக்கே இருக்கும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவருடைய பாஸ்வேர்டைத் திருடியவர் அப்படி இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலேகூட விபரீதம் நடக்கும். 2021 ஜனவரியில் பிரிட்டனின் போலீஸ் தேசியக் கணினியில் நடந்தது அதுதான். அங்கே சட்டப்படி வைத்திருக்கக் கூடாத பதிவுகளைத் தானாகக் களையெடுக்கும் நிரல் ஒன்று உண்டு. அந்த நிரலில் புகுந்த ஒரு பிழையால், அழிக்கக் கூடாத பதிவுகளும் சேர்ந்து அழிந்தன. கைது விவரம், கைரேகை, டிஎன்ஏ என்று எல்லாம் கலந்து லட்சக்கணக்கில் போனது. எத்தனை போனது என்பதே முதலில் தெளிவாகத் தெரியவில்லை. செய்திகளில் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நிரல் எதற்காக இருந்தது என்பதும் நமக்குப் பின்னால் தேவைப்படும்.

ஒரு சின்னக் கணக்கு

பிளாக்செயினின் அடிப்படை 'ஹேஷ்' என்ற கணக்கு. எந்தத் தகவலைக் கொடுத்தாலும் அதிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணை அது தரும். அதைத் தகவலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். தகவலில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும்; கைரேகையை வைத்துக்கொண்டு தகவலைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

நாமே ஒரு விளையாட்டு ஹேஷ் செய்துபார்க்கலாம். விடுதலைக்கு 1, தண்டனைக்கு 2 என்று எண் கொடுப்போம். விதி இது: முந்தைய பதிவின் கைரேகையை 7ஆல் பெருக்கு, அதோடு வழக்கு எண்ணைக் கூட்டு, முடிவின் எண்ணை 17ஆல் பெருக்கி அதையும் கூட்டு. வரும் விடையின் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் இந்தப் பதிவின் கைரேகை.

முதல் பதிவு: வழக்கு 412, விடுதலை. முன்னால் எதுவும் இல்லை, எனவே 0 + 412 + 17 = 429. கைரேகை 29.
இரண்டாவது: வழக்கு 413, தண்டனை. 29 × 7 = 203; 203 + 413 + 34 = 650. கைரேகை 50.
மூன்றாவது: வழக்கு 414, விடுதலை. 50 × 7 = 350; 350 + 414 + 17 = 781. கைரேகை 81.

இப்போது யாரோ ஒருவர் முதல் பதிவில் மட்டும் கைவைத்து, விடுதலையைத் தண்டனை ஆக்குகிறார் என்று வையுங்கள். 412 + 34 = 446, கைரேகை 46 ஆகிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது பதிவின் கைரேகை 69 ஆகும், மூன்றாவது 14 ஆகும். 413, 414 வழக்குகளை அவர் தொடவே இல்லை. ஆனாலும் அவற்றின் கைரேகைகள் இடிந்து விழுகின்றன. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தையதின் கைரேகையைத் தனக்குள் வைத்திருப்பதால் வரும் விளைவு இது. 'சங்கிலி' என்பது இவ்வளவுதான். நடைமுறையில் பதிவுகளை ஒவ்வொன்றாக இல்லாமல் ஒரு கட்டாகச் சேர்த்து முத்திரையிடுவார்கள். அந்தக் கட்டுதான் 'பிளாக்'.

நம் விளையாட்டு ஹேஷில் நூறு கைரேகைகள்தான் சாத்தியம், எனவே அதை ஏமாற்றுவது சுலபம். உண்மையில் பயன்படும் எஸ்எச்ஏ-256 என்ற ஹேஷ், அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2002இல் தரமாக வெளியிட்டது. அதில் சாத்தியமான கைரேகைகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். வேறொரு தகவலை உருவாக்கி அதே கைரேகையை வரவழைப்பது இன்றைய கணினிகளால் ஆகாத காரியம்.

'இன்றைய' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். இதற்கு முந்தைய தலைமுறை ஹேஷான எஸ்எச்ஏ-1ஐ 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் ஓர் ஆய்வு மையமும் சேர்ந்து உடைத்துக் காட்டின: உள்ளடக்கம் வேறான இரண்டு பிடிஎஃப் கோப்புகள், ஒரே கைரேகை. குற்றப் பதிவு ஒரு மனிதரின் ஆயுள் முழுக்க வைத்திருக்கவேண்டியதாக இருக்கலாம். எனவே ஹேஷ் கணக்கு பழசாகும்போது புதிய கணக்கால் மறுபடி முத்திரையிடும் ஏற்பாடு முதல் நாளிலேயே திட்டத்தில் இருக்கவேண்டும்.

சங்கிலி மட்டும் போதாது

மேலே சொன்ன கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. மாற்றியவர் சோம்பேறியாக இல்லாவிட்டால், 46, 69, 14 என்று எல்லாக் கைரேகைகளையும் அவரே புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடலாம். அப்போது சங்கிலி மறுபடியும் ஒழுங்காகத் தெரியும். முழு டேட்டாபேஸும் ஒருவர் கையில் இருக்கும்வரை இதைத் தடுக்க முடியாது. கம்ப்யூட்டர் அதிவேகமாக இந்த மறுகணக்கைச் செய்துகொடுத்துவிடும்.

ஆனால் உண்மையான கடைசிக் கைரேகை 81 என்பது வெளியில் நாலு பேருக்குத் தெரிந்திருந்தால்? அப்போது 14 என்று வந்து நிற்பவர் மாட்டிக்கொள்வார். பிளாக்செயினில் இயங்கும் டிஜிட்டல் நாணயமான பிட்காயின் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதை யோசித்தவர்கள் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள். டிஜிட்டல் ஆவணங்களுக்கு இப்படிச் சங்கிலியாக நேர முத்திரை போடுவது பற்றி 1991இல் கட்டுரை எழுதினார்கள். பிறகு அவர்கள் தொடங்கிய ஷ்யூரிட்டி நிறுவனம், 1995 முதல் வாரம் ஒரு கைரேகையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் அச்சிட்டு வந்தது. பழைய ஆவணம் ஒன்றை மாற்ற நினைப்பவர், அந்த வாரம் விற்ற எல்லாப் பத்திரிகைப் பிரதிகளையும் தேடிப்போய் மாற்றவேண்டும். 2008இல் வெளியான பிட்காயின் கட்டுரையும் இவர்களுடைய ஆய்வுகளை மேற்கோள் காட்டுகிறது.

பத்திரிகைக்குப் பதிலாக, பல நிறுவனங்களின் சர்வர்களில் ஒரே சங்கிலியின் பிரதியை வைத்து, புதிதாக ஒரு பிளாக் சேரும் ஒவ்வொரு முறையும் அவை தங்களுக்குள் ஒத்துக்கொள்ளவேண்டும் என்று விதி வைத்தால், அதுதான் பிளாக்செயின்.

யார் யார் கையில் பிரதி?

பிட்காயினில் யார் வேண்டுமானாலும் சேரலாம். முன்பின் தெரியாதவர்கள் கூடும் இடம் என்பதால்தான் அங்கே மின்சாரத்தை எரித்துக் கடினமான புதிர்களை விடுவிக்கவேண்டியிருக்கிறது. குற்றப் பதிவுக்கு அந்தக் கூத்து எதுவும் வேண்டாம். இங்கே பங்கெடுப்பவர்கள் யார் என்று முன்பே தெரியும்: காவல்துறை, அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகம், நீதிமன்றம், தடயவியல் ஆய்வகம், சிறைத்துறை. இப்படி அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் வகையைத் தனியாகவே உருவாக்கியிருக்கிறார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் அதில் பலருக்கும் தெரிந்த பெயர்.

இதில் ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் மட்டும் இருக்கும் ஒரு ரகசியச் சாவியால் தன் செயலுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடும். யார் எதில் கையெழுத்திடலாம் என்பதை விதியாகவே எழுதிவைக்கலாம். 'வழக்கின் முடிவு' என்ற பதிவு நீதிமன்றத்தின் கையொப்பம் இல்லாமல் வந்தால் மற்ற சர்வர்கள் அதை ஏற்காது. காவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் தீர்ப்பை மாற்ற முடியாது. வெறும் சங்கிலியைவிட இந்த ஏற்பாடுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எத்தனை சர்வர் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் என்ற மூவர் 1980களின் தொடக்கத்தில் நிறுவியது: கூட்டத்தில் ஒருவர் பொய் சொன்னாலும் மற்றவர்கள் சரியான முடிவுக்கு வரவேண்டுமானால் மொத்தம் குறைந்தது நான்கு பேர் வேண்டும். இரண்டு பொய்யர்களைத் தாங்க ஏழு பேர். ஆனால் இந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் இருக்கவேண்டுமானால் அவர்கள் உண்மையிலேயே தனித்தனி ஆட்களாக இருக்கவேண்டும். ஒரே அமைச்சகத்தின் கீழ், ஒரே கட்டடத்தில், ஒரே ஒப்பந்ததாரர் பராமரிக்கும் ஏழு சர்வர்களை வைத்துக்கொண்டு 'பரவலாக்கப்பட்ட அமைப்பு' என்று விளம்பரம் செய்தால், அது பழைய டேட்டாபேஸ்தான், மின்கட்டணம் மட்டும் ஏழு மடங்கு. நீதிமன்றத்தின் சர்வர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறதா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

பதிவே உள்ளே போகக்கூடாது

பிளாக்செயினில் ஏறியதை அழிக்க முடியாது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். குற்றப் பதிவுக்கு அதுவே பெரிய ஆபத்து.

குற்றப் பதிவுகளில் பல, ஒரு கட்டத்தில் மறக்கப்படவேண்டியவை. சிறுவயதில் செய்த சின்னத் தவறு, பொய் வழக்கு என்று தள்ளுபடியானது, தண்டனை முடிந்து பல ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தவரின் பழைய வழக்கு எல்லாம் இதில் வரும். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டிலிருந்தே குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட காலம் கழிந்தபின் பல வகைத் தண்டனைகளைச் சாதாரண வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது சொல்லவேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், குற்றத் தண்டனைகளின் முழுமையான பதிவேட்டை அரசு அதிகார அமைப்பின் கட்டுப்பாட்டில் மட்டுமே வைக்கலாம் என்கிறது. முதலில் பார்த்த பிரிட்டன் சம்பவத்தில் அந்தக் களையெடுக்கும் நிரல் இருந்ததும் இதற்காகத்தான். தப்பாக அழித்தது பிழை. சரியானதை அழிப்பது சட்டக் கடமை. ஒருவரின் பெயரும் குற்றமும் ஐந்து நிறுவனங்களின் சர்வர்களில் அழியாமல் பதிந்துபோனால், நீதிபதியே உத்தரவு போட்டாலும் அதை எடுக்க வழி இல்லை.

எனவே உருப்படியாக வடிவமைத்த எந்த அமைப்பிலும் பதிவு வெளியேதான் இருக்கும். வழக்கமான டேட்டாபேஸில், குறியாக்கம் செய்து, கட்டுப்பாட்டுடன். சங்கிலியில் ஏறுவது அதன் கைரேகையும், நேரமும், கையொப்பமும் மட்டும். பதிவு மாறியதா என்று பார்க்க அதை மறுபடி ஹேஷ் செய்து சங்கிலியில் உள்ளதோடு ஒப்பிட்டால் போதும்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பல அறிமுகக் கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை. கைரேகையிலிருந்து தகவலைத் திரும்பப் பெற முடியாது என்று சொன்னேன் அல்லவா? தகவல் சிறியதாக இருந்தால் ஊகிக்க முடியும். 'இந்தப் பெயர், இந்தப் பிறந்த தேதி, திருட்டு, தண்டனை' என்று நானே எழுதி ஹேஷ் செய்து சங்கிலியில் தேடுகிறேன். அகப்பட்டால் அவர்மேல் வழக்கு இருந்தது என்று தெரிந்துவிடும். குற்றங்களின் பட்டியல் ஒன்றும் முடிவில்லாதது கிடையாது. ஒரு ஆளுக்கு எல்லா வாய்ப்புகளையும் முயன்றுபார்க்க சாதாரண லேப்டாப் போதும். இதைத் தடுக்க, ஒவ்வொரு பதிவோடும் நீளமான ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து ஹேஷ் செய்வார்கள். துறையில் இதை 'சால்ட்' என்பார்கள். அந்த எண் தெரியாதவர் எவ்வளவு ஊகித்தாலும் பொருந்தாது.

இதில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. பதிவை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தால், பதிவையும் அந்த ரகசிய எண்ணையும் அழித்துவிடலாம். சங்கிலியில் கைரேகை மிஞ்சும், ஆனால் அது யாருடையது, எதைப் பற்றியது என்று யாராலும் சொல்ல முடியாத வெறும் எண். சங்கிலியும் அறுபடாது. சட்டத்தின் பார்வையில் இது முழு அழிப்பா என்பதில் விவாதம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்த்தியான வழி இல்லை.

வேலைக்குப் போகும் ஒருவர்

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? ஒருவருக்கு வேலை கிடைக்கிறது, குற்றப் பின்னணி இல்லை என்று சான்று கேட்கிறார்கள். உரிய அதிகாரி டேட்டாபேஸைப் பார்த்துவிட்டு சான்றிதழை வழங்கி, டிஜிட்டல் கையொப்பமிட்டு, அதன் கைரேகையைச் சங்கிலியில் ஏற்றுகிறார். சான்றிதழ் கோப்பு அந்த நபரின் ஃபோனில் இருக்கும். அவர் அதை நிறுவனத்திடம் கொடுக்கிறார். நிறுவனம் கோப்பை ஹேஷ் செய்து சங்கிலியோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் அசல், பொருந்தாவிட்டால் போலி. பின்னர் ரத்து செய்யப்பட்டதா என்ற குறிப்பும் அங்கேயே தெரியும். நிறுவனத்துக்கு டேட்டாபேஸைத் திறந்துகாட்டவேண்டிய தேவையே இல்லை. தேவையில்லாமல் ஒருவரின் பழைய கதையை நாலு பேர் புரட்டிப் பார்ப்பது இதில் இல்லாமல் போகிறது.

பார்ப்பது என்றதும் சொல்லவேண்டியது ஒன்று. குற்றப் பதிவு மாற்றப்படுவதைவிட அநாவசியமாகப் பார்க்கப்படுவதுதான் அன்றாடத் தொல்லை. அதிகாரம் உள்ளவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியோ மகளுக்கு வந்த வரனைப் பற்றியோ சும்மா தேடிப்பார்ப்பது. காவல்துறைத் தரவுகளுக்கான 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை, பார்த்தவர் யார், எப்போது, எதற்கு என்பதைப் பதிவுசெய்யவேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பார்வைக் குறிப்புகளின் கைரேகைகளைச் சங்கிலியில் ஏற்றினால், பார்த்தவரே அட்மினாக இருந்தாலும் தடயத்தை மறைக்க முடியாது. எல்லாவற்றையும் செய்யப் பணமோ நேரமோ இல்லாத ஒரு துறை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், இங்கிருந்துதான் என்பேன்.

சாட்சியப் பொருள்களுக்கும் இதே முறை பொருந்தும். கேமரா பதிவைக் கைப்பற்றிய இடத்திலேயே ஹேஷ் செய்து ஏற்றிவிட்டால், பிற்பாடு 'நடுவில் வெட்டி ஒட்டிவிட்டார்கள்' என்ற வாதத்தை நீதிமன்றத்தில் சில நொடிகளில் சரிபார்த்துவிடலாம்.

முடியாதவை

முதல் நாளிலேயே பொய் எழுதினால் பிளாக்செயின் அந்தப் பொய்யைப் பத்திரமாகக் காப்பாற்றும். தவறான ஆளைப் பிடித்து அவர் பெயரில் வழக்குப் பதிந்தாலும், மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தை ஏற்றினாலும் கைரேகை கச்சிதமாகப் பொருந்தும். பார்ப்பவர்களோ 'பிளாக்செயினில் இருக்கிறது, தப்பாகவா இருக்கும்?' என்று கூடுதலாக நம்புவார்கள். அதனால் திருத்தப் பதிவுக்கு வழி இருக்கவேண்டும்: பழைய பதிவைச் சுட்டி, 'இது செல்லாது, இந்த உத்தரவின்படி திருத்தப்பட்டது' என்று நீதிமன்றம் கையொப்பமிட்ட புதிய பதிவு. தேடுபவருக்கு முதலில் தெரியவேண்டியது அந்தத் திருத்தம்தான்.

கையொப்பத்துக்கான ரகசியச் சாவி தொலைந்தால் அல்லது திருடு போனால், திருடியவர் போடும் கையெழுத்தும் செல்லும். ஒரே கணக்கைப் பத்துப் பேர் பகிர்ந்து பயன்படுத்தும் அலுவலகத்தில் 'யார் செய்தது' என்ற கேள்விக்கு எந்தத் தொழில்நுட்பமும் பதில் தராது.

அந்த பிரிட்டன் விபத்தை இது தடுத்திருக்குமா? தடுத்திருக்காது. கைரேகையிலிருந்து பதிவை மீட்க முடியாது. அதற்கு பேக்கப்தான் கதி. எவையெவை காணாமல் போயின என்ற பட்டியலை உடனே தந்திருக்கும், பேக்கப்பிலிருந்து மீட்டது பழைய பதிவுதானா என்றும் சரிபார்த்துக் கொடுத்திருக்கும். அவ்வளவுதான்.

இதற்கு நெருக்கமான ஓர் ஏற்பாடு எஸ்டோனியாவில் இருக்கிறது. 2007இல் அந்தச் சிறிய நாட்டின் அரசு, வங்கி, ஊடக இணையதளங்கள்மீது பெரும் சைபர் தாக்குதல் நடந்தது. அடுத்த ஆண்டே அரசுப் பதிவேடுகளில் யாரும் கைவைக்கவில்லை என்பதை நிரூபிக்கும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார்கள். 2012 முதல் அது சுகாதாரம், நீதித்துறை, வணிகப் பதிவு போன்ற அமைப்புகளில் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சங்கிலிக்குள் குடிமக்களின் தகவல் எதுவும் போவதில்லை. கைரேகைகள் மட்டும்தான்.

ஒரே ஒரு துறை தன் பதிவுகளை மட்டும் காக்க நினைத்தால் இவ்வளவு பெரிய ஏற்பாடும் தேவைப்படாமல் போகலாம். தினமும் மாலை அன்றைய பதிவுகளின் மொத்தக் கைரேகையைக் கணக்கிட்டு நீதிமன்றத்துக்கும் தணிக்கைத் துறைக்கும் அனுப்பி, அங்கே ரசீது வாங்கிவைத்தாலே பாதிப் பலன் கிடைத்துவிடும். பல துறைகள் ஒன்றையொன்று நம்பாமல், ஆனால் ஒரே பதிவில் எழுதவும் வேண்டியிருக்கிறது என்ற நிலை வரும்போது பிளாக்செயினைப் பற்றிப் பேசலாம்.